காணி கைவிட்டுப் போகுமா?

கேள்வி: 1990 ஜூனில் பலாலியை விட்டு உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டோம். எட்டுப் பரப்புக் காணி அப்பாவின் பெயரில் இருந்தது. அவர் முகாமிலேயே காலமானார். உறுதியும் தொலைந்துவிட்டது. காணி இன்னும் படையினரின் வேலிக்குள் கிடக்கிறது. "இத்தனை வருடம் ஆட்சி இல்லை, இனிக் கேட்க முடியாது, நீங்கள் அகதிகளும் இல்லை, உலகச் சட்டமும் உதவாது" என்று சொல்கிறார்கள். உண்மையா? இரவில் நித்திரை இல்லை.
– திருமதி த.க., மல்லாகம்

பதில்: சகோதரி, முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். உறுதி தொலைந்ததால் உரிமை தொலைவதில்லை. அப்பா காலமானபோதே அவருடைய உரிமை வாரிசுகளான உங்களுக்கு வந்துவிட்டது.

உங்களைப் பயமுறுத்துவது பத்து வருட ஆட்சி பற்றிய 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். பிறருடைய காணியைப் பத்து வருடம் இடையூறின்றித் தன்னுடையதாகவே ஆண்டவர், அதை நீதிமன்றத்தில் நிரூபித்து உரித்துப் பெறலாம். நீங்கள் அங்கே இல்லாதது மட்டும் உரிமையைப் பறிக்காது. போரால் துரத்தப்பட்டவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்கச் சிறப்புச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிலிருந்து விலக்கியது. ஆனால் வழக்கிட இரண்டே வருட அவகாசம்தான் தந்தது. காணியின் வாசலுக்கே போக முடியாதவர்களுக்கு அது எந்த வகையிலும் போதவில்லை. உங்கள் காணியில் தனியார் எவரும் இல்லாததால் இந்தச் சிக்கல் இன்று உங்களுக்கு இல்லை. நாளை காணி விடுவிக்கப்பட்டபின் யாராவது உள்ளே வந்து வேலி அடைத்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

படையினர் அடைத்த வேலியும் உறுதியை மாற்றாது. அரசு தனியார் காணியைச் சுவீகரிக்க 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி போக வேண்டும். 2ஆம் பிரிவு அறிவித்தல் (காணி பொருத்தமா என்று பார்ப்பது), 4ஆம் பிரிவு அறிவித்தல் (ஆட்சேபம் கேட்பது), 5ஆம் பிரிவுப் பிரகடனம் என்று படிகள் உண்டு. 38ஆம் பிரிவுக் கட்டளை (அரசு கையேற்பது) வந்தால்தான் உரித்துக் கைமாறும். 2013 ஏப்ரலில் உங்கள் பலாலியும் அடங்கும் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கருக்கு ஒட்டப்பட்டது முதற்படி அறிவித்தல். மக்கள் திரண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார்கள். பிறகு பகுதி பகுதியாகக் காணிகள் விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் மக்களிடம் வந்தது.

அகதி பற்றிச் சொன்னது பாதி உண்மை. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை நாட்டின் எல்லையைக் கடந்தவர்களுக்கே உரியது. உள்ளூரில் இடம்பெயர்ந்தவர்களுக்கென ஐ.நா.வில் பிரான்சிஸ் டெங் 1998இல் முன்வைத்த வழிகாட்டிக் கோட்பாடுகள் முப்பது இருக்கின்றன. விட்டுவந்த சொத்தைக் காக்க வேண்டும், மீட்டுத்தர வேண்டும், முடியாவிட்டால் நட்டஈடு தர வேண்டும் என்கின்றன. அரசைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமல்ல அவை. ஆப்பிரிக்க நாடுகள் 2009இல் கம்பாலாவில் அப்படியொரு ஒப்பந்தம் செய்துகொண்டன. இலங்கையில் தனிச் சட்டம் இன்றுவரை இல்லை. ஆனாலும் நீங்கள் இந்த நாட்டின் குடிமகள். விரும்பிய இடத்தில் வசிக்கும் உரிமையை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையே தருகிறது.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு: தவணை குறித்து வரும் அறிவித்தல். 2025 மார்ச் 28 வர்த்தமானி (அரச இதழ்) வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்றது. உயர் நீதிமன்றம் ஜூனில் இடைக்காலத் தடை விதித்தது. அரசும் அதை மீளப்பெற்றது. முகாமிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் மூன்று மாதத்தில் உறுதி தேடுவது எப்படி? அதனால் அறிவித்தல் வருமுன்பே தயாராகுங்கள்.

நொத்தாரிசு எழுதிய உறுதியின் ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்கும் போயிருக்கும். அப்பாவின் முழுப்பெயர், காணியின் பெயர், எல்லை, வாங்கிய வருடம் அல்லது சீதனமாக வந்த விபரம் ஆகியவற்றோடு அங்கே போய்த் தோம்பு (காணிப் பதிவேடு) எடுங்கள். உறுதியின் உறுதிப்படுத்திய பிரதியும் கேளுங்கள். அப்பாவின் இறப்புச் சான்றிதழ், உங்கள் எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ், பழைய வரி ரசீது, 1990க்கு முந்திய வாக்காளர் இடாப்பு எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் எழுத்தில் பதிவுசெய்து, கையொப்பமிட்ட பிரதியை வாங்கி வையுங்கள். வெறும் கடதாசியில் கையெழுத்துக் கேட்பவர்களுக்கு ஒருபோதும் போடாதீர்கள்.

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போங்கள். தோம்பு கைக்கு வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். அடுத்து என்ன செய்வது என்று சொல்கிறேன்.