மொறுமொறுப்பான பிங்கர் சிப்ஸ்: பக்குவம் வயலில் தொடங்குகிறது

உருளைக்கிழங்கை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி எண்ணெயில் பொரித்தெடுக்கும் பண்டத்தை நம் ஊர்களில் பிங்கர் சிப்ஸ் என்கிறோம். நகரத்து உணவகங்களில் இதற்குப் பிரெஞ்சு பிரைஸ் என்று பெயர். வீட்டில் இதைச் செய்து பார்ப்பவர்களில் பலருக்கும் ஒரே குறைதான். வாணலியிலிருந்து எடுக்கும்போது மொறுமொறுப்பாக இருக்கும் துண்டுகள் ஐந்து நிமிடத்தில் துவண்டு விடுகின்றன. சில வேளைகளில் உள்ளே வேகுமுன்பே வெளிப்புறம் கருத்துக் கசந்து போகிறது.

இதற்கு எண்ணெயையும் அடுப்பையும் குறை சொல்வது வழக்கம். கடைக்காரர்கள் ஏதோ பொடி சேர்க்கிறார்கள் என்று நினைப்பவர்களும் உண்டு. உண்மையில் பாதிக் காரணம் கிழங்கிலேயே இருக்கிறது. அது எந்த ரகம், எந்த நிலையில் தோண்டப்பட்டது, எங்கே சேமிக்கப்பட்டது என்பவையே வறுவலின் தரத்தை முதலில் முடிவு செய்கின்றன.

நீலகிரி, கொடைக்கானல் மலைப் பகுதிகளிலும், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூர், தளி வட்டாரங்களிலும் உருளைக்கிழங்கு பயிரிடும் சிறு விவசாயிகள் இதைத் தெரிந்து கொள்வது நல்லது. தோண்டும்போது மண்வெட்டி பட்ட கிழங்கை மண்டியில் கழித்து விடுகிறார்கள், அல்லது மிகக் குறைந்த விலைக்குக் கேட்கிறார்கள். அதில் காயம்பட்ட பகுதியை நீக்கி அன்றைக்கே வறுவலாக்கினால், குப்பைக்குப் போக வேண்டிய கிழங்கு வீட்டுக்கு உணவாகும். சந்தை நாளில் விற்றால் கைச்செலவுக்குப் பணமும் ஆகும்.

மொறுமொறுப்பு எப்படி ஏற்படுகிறது?

உருளைக்கிழங்கில் ஏறத்தாழ 80 சதவீதம் தண்ணீர். மீதியை உலர் பொருள் என்பார்கள். அதில் பெரும் பகுதி மாவுச்சத்து. சூடான எண்ணெயில் இட்டதும் துண்டின் மேற்பரப்பில் உள்ள தண்ணீர் ஆவியாகி வெளியேறுகிறது. அங்குள்ள மாவுச்சத்து வெந்து, பின் காய்ந்து, மெல்லிய ஓடு போல் ஆகிறது. அந்த ஓடுதான் மொறுமொறுப்பு.

தண்ணீர் மிகுந்த கிழங்கில் ஓடு உறுதிப்படுவதில்லை. உள்ளிருக்கும் ஈரம் ஓட்டை நனைத்து நமுக்க வைத்து விடுகிறது. அத்தகைய கிழங்கு எண்ணெயையும் அதிகம் குடிக்கும். ஆகவே உலர் பொருள் 20 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள கிழங்கே வறுவலுக்கு ஏற்றது.

உப்பு நீர்ச் சோதனை

உலர் பொருள் அதிகம் உள்ள கிழங்கு கனமானது. இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் 125 கிராம் சமையல் உப்பைக் கரைக்க வேண்டும். மண் போகக் கழுவிய முழுக் கிழங்கை அதில் போட்டால், மாவுச்சத்து மிகுந்தது மூழ்கும். தண்ணீர் மிகுந்தது மிதக்கும்.

ஒரு குவியலில் பத்துக் கிழங்குகளை எடுத்துச் சோதித்தால் அந்தக் குவியலின் தன்மை தெரிந்து விடும். மூழ்குபவை வறுவலுக்கும், மிதப்பவை பொரியலுக்கும் குழம்புக்கும் ஆகும். சோதித்த கிழங்கை நல்ல தண்ணீரில் கழுவி உடனே சமைத்து விட வேண்டும். அதைச் சேமிக்கவோ விதைக்கு வைக்கவோ கூடாது.

கருப்பதற்குக் காரணம் சர்க்கரை

கிழங்கில் குளுக்கோஸ், பிரக்டோஸ் என்னும் சர்க்கரைகள் சிறிதளவு உண்டு. பொரிக்கும் சூட்டில் இவை கிழங்கின் அமினோ அமிலங்களுடன் சேர்ந்து பழுப்பு நிறத்தைத் தருகின்றன. அளவாக இருந்தால் பொன்னிறம் கிடைக்கும். மிகுந்தால் கருப்பும் கசப்பும்தான்.

உருளைக்கிழங்கை 2 முதல் 4 டிகிரி சென்டிகிரேடு குளிரில் வைத்தால், அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுகிறது. சமையல் கிழங்கையும் விதைக் கிழங்கையும் வைக்கும் குளிர்பதனக் கிடங்குகளில் நிலவும் குளிர் இதுவே. வட மாநிலக் கிடங்குகளில் மாதக் கணக்கில் இருந்து வரும் கிழங்கு சற்று இனிப்பதும், வறுத்தால் கருப்பதும் இதனால்தான். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் இதே கதிதான்.

வறுவலுக்கான கிழங்கை 10 முதல் 12 டிகிரியில், இருட்டான, காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க வேண்டும். இந்த வகையில் மலைப்பகுதி விவசாயிகளுக்கு இயற்கையே துணை நிற்கிறது. உதகை, கொடைக்கானல் போன்ற இடங்களில் ஆண்டின் பல மாதங்களில் சாதாரண அறையே இதற்குப் போதும். மார்கழி, தை மாதங்களின் உறைபனி இரவுகளில் மட்டும் கிழங்கைச் சாக்கு கொண்டு மூடிக் காப்பது அவசியம்.

குளிரில் இருந்து இனித்துப் போன கிழங்கை முழுதாகக் கழித்து விட வேண்டியதில்லை. அதை 15 முதல் 20 டிகிரி வெப்பமுள்ள இருட்டறையில் இரண்டு மூன்று வாரம் பரப்பி வைத்தால் சர்க்கரையின் ஒரு பகுதி குறையும். பிறகு நான்கைந்து கிழங்குகளிலிருந்து ஒவ்வொரு வில்லை சீவி எண்ணெயில் போட்டுப் பார்க்க வேண்டும். வில்லை பொன்னிறமாக வந்தால் அந்தக் கிழங்கை வறுவலுக்கு எடுக்கலாம். மூட்டையாக வாங்குவதற்கு முன்பும் இந்தச் சோதனையைச் செய்து கொண்டால் பணம் வீணாகாது.

வயலில் கவனிக்க வேண்டியவை

ரகம்: சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் வறுவலுக்கென்றே சில ரகங்களை உருவாக்கியுள்ளது. 1998-இல் வெளியான குப்ரி சிப்சோனா-1 வில்லை வறுவலுக்கும், பின்னர் வந்த குப்ரி பிரைசோனா விரல் வறுவலுக்கும் உரியவை. இவை பெரும்பாலும் சமவெளிப் பகுதிகளை மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்டவை. நீலகிரியில் முட்டைக்கூடு நூற்புழு 1961-இல் கண்டறியப்பட்டது. அந்தப் புழு உள்ள நிலத்தில் வறுவல் ரகத்தைத் தேடி ஓடுவதைவிட, குப்ரி ஸ்வர்ணா போன்ற எதிர்ப்புத் திறனுள்ள ரகத்தைப் பயிரிடுவதே முதற்கடமை. விளைந்த கிழங்கில் உப்பு நீரில் மூழ்குவதை வறுவலுக்குப் பிரித்தெடுத்துக் கொள்ளலாம்.

உரம்: தழைச்சத்தை அளவுக்கு மீறியும் காலங்கடந்தும் இட்டால் கொடி செழிக்கும்; கிழங்கு முற்றாது; உலர் பொருள் குறையும். சாம்பல் சத்தை மியூரேட் உரமாக இடுவதைவிட சல்பேட் உரமாக இட்டால் உலர் பொருள் சற்றுக் கூடும். சல்பேட்டின் விலை அதிகம் என்பதால் வரவு செலவு பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

பாசனம்: கிழங்கு பருக்கும் காலத்தில் நிலம் காய்வதும் நனைவதுமாக இருந்தால், கிழங்கின் ஒரு முனையில் சர்க்கரை சேரும். வறுத்த துண்டின் ஒரு நுனி மட்டும் கருப்பது இதனால்தான். அறுவடைக்குச் சுமார் பத்து நாள் முன்பு பாசனத்தை நிறுத்தி விட வேண்டும்.

அறுவடை: பின்பருவ இலைக்கருகல் நோயால் கொடி முன்கூட்டியே கருகிப் போனால் கிழங்கு நீர்த்தே இருக்கும். ஆகவே நோய்த் தடுப்பு விளைச்சலுக்கு மட்டுமல்ல, தரத்துக்கும் தேவை. கொடி தானாகப் பழுத்த பின் அதை அறுத்துவிட்டு, 10 முதல் 15 நாள் கழித்துத் தோண்டினால் தோல் இறுகியிருக்கும். தோண்டிய கிழங்கை வெயிலில் போட்டு வைக்கக் கூடாது. வெளிச்சம் பட்டால் பச்சை நிறமும் அதோடு சோலனின் என்னும் நச்சுப் பொருளும் உண்டாகும். பொரித்தாலும் இந்த நச்சு நீங்காது. பச்சையான பகுதியை ஆழமாகச் சீவி எறிய வேண்டும். கிழங்கு பெரும்பாலும் பச்சையாகி விட்டால் அதை உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது.

இரு முறை பொரிக்கும் முறை

விரல் வறுவலுக்குப் பெயர் பெற்ற பெல்ஜியம் நாட்டில் துண்டுகளை இரு முறை பொரிக்கிறார்கள். முதல் முறை உள்ளே வேக வைப்பதற்கு. இரண்டாம் முறை ஓடு கட்டுவதற்கு. நம் வீட்டு வாணலியிலும் இதைச் செய்யலாம்.

1. நீளமான, பெரிய கிழங்குகளைத் தோல் சீவி, ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள துண்டுகளாக நறுக்கவும். எல்லாத் துண்டுகளும் ஒரே கனமாக இருப்பது முக்கியம்.

2. நறுக்கியவுடன் தண்ணீரில் போடவும். காற்றுப் பட்டுக் கருப்பதை இது தடுக்கும். தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை அலசவும். மேலே ஒட்டியுள்ள மாவு போனால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாது.

3. மூன்று லிட்டர் தண்ணீரைச் சூடாக்கி, பாத்திரத்தின் அடியில் சிறு குமிழிகள் எழும்போது மூன்று மேசைக்கரண்டி வினிகர் சேர்த்து, ஒரு கிலோ துண்டுகளைப் போட்டு ஐந்து நிமிடம் வைக்கவும். துண்டில் உள்ள சர்க்கரையின் ஒரு பகுதி தண்ணீரில் இறங்கி விடும். வினிகர் துண்டுகள் உடையாமல் காக்கும். உதகை போன்ற உயரமான இடங்களில் தண்ணீர் ஏறத்தாழ 92 டிகிரியிலேயே கொதித்து விடும். ஆகவே அங்கே இரண்டு நிமிடம் கூடுதலாக வைக்கலாம்.

4. தண்ணீரை வடித்து, துண்டுகளைச் சுத்தமான பருத்தித் துணியில் பரப்பி, விசிறிக் காற்றில் ஈரம் போக உலர்த்தவும். பலரும் அவசரப்பட்டு விட்டுவிடும் படி இதுதான். ஈரத் துண்டுகள் எண்ணெயின் சூட்டைத் தணித்து விடும்; எண்ணெய் தெறித்துக் கையைச் சுடவும் செய்யும்.

5. முதல் பொரிப்பு 150 முதல் 160 டிகிரி சூட்டில் நான்கைந்து நிமிடம். ஒரு துண்டைப் போட்டால் அது மெதுவாகக் குமிழி விட்டு மேலே வர வேண்டும். ஒரு லிட்டர் எண்ணெயில் ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல் போடக் கூடாது. துண்டு வெந்திருக்க வேண்டும். நிறம் மாறக் கூடாது.

6. ஜல்லிக்கரண்டியால் எடுத்துத் தட்டில் பரப்பி, அரை மணி நேரம் ஆற விடவும். உள்ளிருக்கும் ஈரம் மேற்பரப்புக்கு வரும்.

7. இரண்டாம் பொரிப்பு 175 முதல் 180 டிகிரி சூட்டில் இரண்டு மூன்று நிமிடம். துண்டைப் போட்டவுடனே குமிழிகள் வேகமாகப் பொங்க வேண்டும். எண்ணெய் புகையக் கூடாது. பொன்னிறம் வந்ததும் எடுத்து விடவும்.

8. உப்பைக் கடைசியில் தூவவும். சூடான வறுவலைப் பாத்திரத்தில் போட்டு மூடி வைத்தால் ஆவி தங்கி நமுத்து விடும். திறந்த தட்டிலேயே பரிமாற வேண்டும்.

உப்பு நீரில் மிதந்த கிழங்குதான் கையில் இருக்கிறது என்றால், ஈரம் உலர்ந்த துண்டுகளின் மேல் சிறிதளவு அரிசி மாவு தூவிப் பொரிக்கலாம். ஓரளவு மொறுமொறுப்பு கிடைக்கும்.

உடல் நலமும் பாதுகாப்பும்

மாவுப் பண்டங்களை மிகு சூட்டில் பொரிக்கும்போது அக்ரிலமைடு என்னும் வேண்டாத பொருள் உண்டாவதை 2002-இல் சுவீடன் நாட்டு அறிவியலாளர்கள் வெளியிட்டனர். சர்க்கரை மிகுந்த கிழங்கிலும், கருகப் பொரித்த துண்டிலும் இது அதிகம். எனவே பொன்னிறத்தோடு நிறுத்துவது சுவைக்கும் நல்லது, உடலுக்கும் நல்லது. கருத்த துண்டுகளைப் பொறுக்கி எறிந்து விட வேண்டும்.

எண்ணெயை வடிகட்டி வைத்து ஓரிரு முறை பயன்படுத்தலாம். நிறம் கருத்து, நுரைத்து, பிசுபிசுத்த எண்ணெயைக் கொட்டி விட வேண்டும். வாணலியில் தீப்பற்றினால் ஒருபோதும் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்து, தட்டால் மூட வேண்டும்.

விற்க விரும்புவோருக்கு

ஒரு கிலோ கிழங்கில் தோலும் தண்ணீரும் போக, ஏறத்தாழ பாதி எடைக்கே வறுவல் கிடைக்கும். விலை வைக்கும்போது இந்தக் கழிவையும், எண்ணெய், எரிபொருள், கூலி ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கிழங்கு சொந்தமாயிற்றே என்று அதன் மண்டி விலையைக் கணக்கில் விட்டு விட்டால், லாபம் போலத் தோன்றுவது நட்டமாக முடியும். விற்பனை தொடங்குமுன் உணவுப் பாதுகாப்புத் துறையில் முறைப்படி பதிவு செய்து கொள்ள வேண்டும்.

முதல் பொரிப்பு முடிந்த துண்டுகளை நன்கு ஆற வைத்து, உறைநிலைப் பெட்டியில் வைத்துக் கொண்டால், தேவைப்படும்போது எடுத்து இரண்டாம் பொரிப்பை மட்டும் செய்யலாம். மகளிர் குழுக்களுக்கு இம்முறை கைகொடுக்கும்.

அடுத்த அறுவடையின்போது கிழங்கை மூட்டை கட்டுமுன் பத்துக் கிழங்குகளை உப்பு நீரில் போட்டுப் பார்ப்பது நல்லது. மூழ்கும் கிழங்கைத் தனியே பிரித்து, குளிர்ப் பெட்டியில் வைக்காமல், இருட்டறையில் சேமித்தால், மொறுமொறுப்பான வறுவலுக்கு வேண்டிய வேலையில் பாதி அப்போதே முடிந்து விடும்.