பெருங்காற்றுக்கு ஏற்ற கலம் எது?

பாறசாலைக் கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் தோளோடு தோள் உரசி நடக்கின்றன. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் திருத்தி அமைக்கப்பட்டபோது, விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நிலத்தில் கல் நட்டு எல்லை வகுக்கலாம். ஆனால் காற்றுக்கு எல்லை ஏது? நெய்யாற்றின்கரை வட்டத்தின் கடற்கோடியில் உள்ள பொழியூரில் வீசும் காற்றுத்தான் அதை அடுத்துத் தமிழகக் கரையில் உள்ள நீரோடியிலும் வீசுகிறது. இரு கரை மீனவரும் ஒரே அலையோடுதான் போராடுகின்றனர்.

காற்றின் இயல்பறிந்து கலம் செலுத்துவதைத் தமிழர் பெருமைக்குரிய கலையாகவே போற்றினர். வெண்ணிக் குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர் கரிகாலனைப் புகழும் 66ஆம் புறப்பாட்டில், காற்றை வசப்படுத்திக் கடலில் கலம் ஓட்டிய அவன் முன்னோனை நினைவுகூர்கிறார். பழம்பெருமை பேசி நின்றுவிடாமல், அக்கலையின் உட்பொருளை அறிவதன்றோ மாணவர் கடன்? ஆதலின், பலத்த காற்றில் நன்கு ஓடும் பாய்க்கலத்தை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

1980களில் வெளிப்புற எஞ்சின் பரவிய பின், எங்கள் எல்லைக் கடற்கரையில் பாயை மட்டும் நம்பிக் கடலுக்குச் செல்வோர் மிக அருகிவிட்டனர். ஆயினும் கேள்வி பழையதாகிவிடவில்லை. எஞ்சின் நின்றுபோன படகும் காற்றின் கையில் சிக்கிய படகுதான். பாய்க்கல ஓட்டம் இன்று ஒலிம்பிக் விளையாட்டாகவும் விளங்குகிறது.

'எந்தக் கலம் நல்லது?' என்று கேட்டால், 'விரைந்து ஓடுவது' என்பதே பலரும் தரும் விடை. மெல்லிய காற்றுக்கு அது பொருந்தும், பெருங்காற்றுக்குப் பொருந்தாது. பெருங்காற்றுக்குக் கலம் தேர்வோர், அதன் மிக நல்ல வேகம் என்ன என்று கேட்பதற்கு முன்னால், அதன் மிகக் கெட்ட வேளையில் அது என்ன செய்யும் என்று கேட்க வேண்டும். ஏன் என்பதைப் படிப்படியாக ஆராய்வோம்.

1. காற்றின் கணக்கு

காற்றின் வேகம் இரு மடங்கானால், பாயின் மேல் அதன் அழுத்தம் இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. வேகம் மும்மடங்கானால் அழுத்தம் ஒன்பது மடங்கு. இதுவே இப்பாடத்தின் அடிப்படை விதி.

ஓர் எடுத்துக்காட்டு: 10 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 18½ கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1.6 கிலோ எடை அளவு அழுத்துகிறது. 20 நாட்டில் அது 6½ கிலோவாகும். 30 நாட்டில் 14½ கிலோவாகும். பத்துச் சதுர மீட்டர் பாய் எனின், முறையே 16, 65, 145 கிலோ. பாயின் வடிவையும் அது காற்றுக்குக் காட்டும் கோணத்தையும் பொறுத்து உண்மை விசை சற்று மாறும். ஆயினும் பெருகும் விகிதம் மாறாது. காலையில் கலத்தை மெல்லத் தள்ளிய அதே பாய், மாலையில் இரண்டு ஆள் பளுவாக அதைச் சாய்க்கிறது. பியூஃபோர்ட் அளவுகோலில் 22 முதல் 27 நாட் வரை ஆறாம் எண், பலத்த காற்று. 34 முதல் 40 வரை எட்டாம் எண், புயலுக்கு நிகரான கடுங்காற்று.

ஆகவே முதற் கேள்வி: பாயைச் சுருக்க முடியுமா? கடலின் நடுவில், ஆடும் கலத்தில், நனைந்த கையால், விரைவில் சுருக்க முடியுமா? பெரிய பாயைக் காட்டிலும் எளிதில் சிறிதாகும் பாயே பெருங்காற்றில் நல்ல பாய்.

ஒலிம்பிக்கில் ஓடும் 'இல்கா' என்னும் சிறு கலம் இதற்குத் தக்க சான்று. முன்பு 'லேசர்' எனப்பட்ட இதன் உடல் ஒன்றே, நீளம் 4.2 மீட்டர். பாயோ மூவகை: 4.7, 5.76, 7.06 சதுர மீட்டர். ஓட்டுபவரின் எடைக்கும் வலுவுக்கும் ஏற்பப் பாய் மாறுகிறது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையின் நேத்ரா குமணன் நடுத்தரப் பாயிலும், வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணன் பெரிய பாயிலும் போட்டியிட்டனர். கலத்தைத் தேர்வது பாதி. ஆளுக்கும் காற்றுக்கும் ஏற்ற பாயைத் தேர்வது மறு பாதி.

2. கரையின் கணக்கு

கடலில் நன்றாக ஓடிவிட்டால் போதுமா? கரையேற வேண்டாமா? புறப்படும் போதும் திரும்பும் போதும் கலம் கடக்கும் கரை எத்தகையது என்பது இரண்டாம் கேள்வி.

கேரளக் கடற்கரையையே எடுத்துக்கொள்வோம். ஆலப்புழைப் பக்கத்தில் கடலடி மெல்லச் சரிகிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் சேற்றுக்கரை தோன்றிச் சில இடங்களில் அலையை அடக்கிவிடுகிறது. ஆகவே அங்கே நீண்ட வள்ளங்கள் பெருகின. தெற்கே, பூவாறு, பொழியூர், நீரோடி வரிசையில் கரை செங்குத்தாக இறங்குகிறது; ஆனியிலும் ஆடியிலும் அலை கரையருகே எழுந்து இடிபோல் உடைகிறது. உள்ளே குழிந்த வள்ளத்தில் ஓர் அலை புகுந்தால் அது நீர்த்தொட்டியாகிவிடும். ஆதலின் இக்கரையில் நெடுங்காலம் கோலோச்சியது கட்டுமரம்.

கட்டுமரத்தின் நுட்பம் என்ன? எடை குறைந்த சில மரங்களைச் செதுக்கிக் கயிற்றால் பிணைக்கின்றனர். அதற்கு 'உள்' என்பதே இல்லை. ஆகவே நீர் நிறைவதற்கு இடமும் இல்லை. அலை மேலே ஏறி, மரங்களின் இடுக்கு வழியே இறங்கிப் போய்விடும். கவிழ்ந்தாலும் மிதக்கும், அதன்மேல் ஏறிக்கொள்ளலாம். கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலர்த்தலாம். குறை இல்லையா? உண்டு. ஆள் எந்நேரமும் நனைந்திருக்க வேண்டும். மீனும் பனிக்கட்டியும் மிகுதியாக ஏற்ற இயலாது. அதனால்தான் கரைவலை இழுப்பதற்கு வள்ளமும், தூண்டிலுக்கும் சிறு வலைக்கும் கட்டுமரமும் எனப் பணி பிரிந்தது. ஒரே கலம் எல்லாப் பணிக்கும் ஏற்றதாவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

இங்கே ஒரு தெளிவு தேவை. நம் 'கட்டுமரம்' என்னும் சொல் ஆங்கிலத்தில் புகுந்து 'கேட்டமரான்' ஆனது. பின்னர் அப்பெயர், இரண்டு உடல்களை இணைத்த பசிபிக் தீவு மரபுக் கலங்களுக்குச் சூட்டப்பட்டுவிட்டது. பெயர் நம்முடையது, வடிவம் நம்முடையது அன்று. இன்று 'கேட்டமரான்' என்று விற்கப்படுவதைப் பொழியூர்க் கட்டுமரத்தின் வழித்தோன்றல் என்று மயங்கற்க.

3. நிமிர்ந்து நிற்கும் ஆற்றல்

பாயைச் சாய்க்கும் விசைக்கு எதிராகக் கலத்தை நிமிர்த்துவன மூன்று: அகலம், அடிப்பளு, ஆட்களின் எடை.

அகலமான கலம் தொடக்கத்தில் அசையாது நிற்கும். ஆனால் ஓர் எல்லையைத் தாண்டிக் கவிழ்ந்துவிட்டால், தலைகீழாகவும் அதே உறுதியோடு நிற்கும்! இரட்டை உடற்கலங்களின் இயல்பும் இதுவே. அடியில் ஈயமோ இரும்போ பதித்த கலம் சிறு காற்றிலேயே சற்றுச் சாயும்; சாய்ந்தாலும் மீண்டு எழும். ஆழ்கடலுக்குச் செல்லும் கலம் 120 பாகை அளவு சாய்ந்தாலும் நிமிரக்கூடியதாக இருத்தல் நன்று என்பது கலம் அமைப்போர் கூறும் பொதுவிதி.

மூன்றாவது வழி நம் பக்கத்துக் கடல்களில் பழகியது. இலங்கையின் நீர்கொழும்புப் பகுதியில் ஓடும் பக்கமிதவை கொண்ட பாய்த்தோணியில், காற்று வலுக்க வலுக்க ஆட்கள் ஒருவர்பின் ஒருவராக மிதவைக் கழியின்மேல் செல்வர். காற்றின் வலிமையையே 'ஒராள் காற்று', 'ஈராள் காற்று' என்று அளந்தனராம். பாக் நீரிணையின் சில படகுகளில் குறுக்கே ஒரு பலகையை நீட்டி அதன்மேல் ஆட்கள் அமர்ந்து சமன் செய்வர். விலையற்ற பளு, வேண்டியபோது இடம் மாறும் பளு! ஆனால் ஆள் களைத்தால் அப்பளுவும் களைத்துவிடும் என்பதை மறவற்க.

4. பக்கத்தில் நழுவாமை

காற்று ஒரு பக்கத்திலிருந்து வீசினால் கலம் மறுபக்கம் நழுவும். நீரில் ஆழ்ந்த ஒரு தகடு அதைத் தடுத்தால்தான், அது காற்றுவரும் திசையை நோக்கிச் சாய்வாக முன்னேறும். இதனால்தான் தட்டையான கட்டுமரத்திலும் பலகையை நீருக்குள் செருகிப் பிடிக்கின்றனர். பெருங்காற்றில் இது உயிர்நாடி. கரையை நோக்கிக் காற்று வீசுகையில், எதிர்த்து ஏற முடியாத கலம் உடையும் அலைக்குள் தள்ளப்படும். எனவே பாயைச் சுருக்கிய பின்னும் அக்கலம் காற்றை எதிர்த்து ஏறுமா என்று சோதித்தறிக. முழுப் பாயில் ஏறுவதைக் கண்டு முடிவு செய்யற்க.

5. கவிழ்ந்தபின் என்ன?

இதுவே எல்லாவற்றினும் பெரிய கேள்வி. 1979 ஆகஸ்டில் பிரிட்டனின் தென்மேற்குக் கடலில் நடந்த ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 கலங்கள் புறப்பட்டன. இடையில் கடும்புயல் வீசிற்று. போட்டியாளர் 15 பேர் மாண்டனர். ஆட்கள் கைவிட்டு வெளியேறிய கலங்கள் 24. அவற்றுள் ஐந்துதான் மூழ்கின. எஞ்சிய 19 பின்னர் மிதந்த நிலையில் மீட்கப்பட்டன. உயிர்காக்கும் மிதவையை நம்பிக் கலத்தைத் துறந்தோரில் சிலர் இறந்தனர். அவர்கள் துறந்த கலமோ மிதந்துகொண்டிருந்தது. மூழ்காத கலமே முதல் உயிர்க்காப்பு என்று உலகம் அன்று கற்றது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட 32 அடிக் கலம் 'சுஹைலி'. விரைவில் அது பேர்போனதன்று. 1968-69இல் ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன் அதில் தனியாக, எங்கும் நில்லாமல், 312 நாளில் உலகைச் சுற்றினார். ஒன்பது பேர் புறப்பட்ட அப்போட்டியில் முடித்தவர் அவர் ஒருவரே. அதன் வடிவிலேயே கோவாவில் கட்டப்பட்ட 'துரியா'வில் அபிலாஷ் டோமி 2018இல் சென்றபோது, தென் இந்தியப் பெருங்கடலில் புயல் அதைப் புரட்டிப் பாய்மரத்தை முறித்தது. முதுகில் அடிபட்டு அசைய இயலாது கிடந்த அவரை, மூழ்காத அக்கலம் மூன்று நாள் தாங்கி மீட்போர் கையில் ஒப்படைத்தது. 2024-25இல் புதுச்சேரியின் ரூபாவும் கோழிக்கோட்டின் தில்னாவும் ஆகிய இரு கடற்படை அதிகாரிகள், 56 அடி 'தாரிணி'யில் உலகைச் சுற்றி வந்தனர். தமிழ்ப் பெண்ணும் மலையாளப் பெண்ணும் ஒரே பாயின்கீழ் சென்ற பயணம் எல்லைப்புறத்து மாணவர்க்குத் தனி மகிழ்ச்சி தருவதன்றோ?

ஆனால் மகிழ்ச்சியோடு துயரையும் நினைக்க வேண்டும். 2017 நவம்பர் 29, 30 நாட்களில் குமரிக்கடலில் ஒக்கிப் புயல் மிக விரைவில் வலுப்பெற்றது. பொழியூர், விழிஞ்ஞம், பூந்துறை முதல் நீரோடி, தூத்தூர் வரை எத்தனையோ வீடுகள் ஆளை இழந்தன. இரு மாநிலத்தும் மாண்டவரும் திரும்பாதவரும் நூற்றுக்கணக்கானோர். உயிர் பிழைத்தவருள் பலர் கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு நீரில் கிடந்தவர்கள். பற்றிக்கொள்ள ஏதேனும் மிதந்ததா என்பதே அன்று வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட கேள்வியாயிற்று. கட்டுமரம் கண்ட எம் முன்னோர் இக்கேள்விக்கு முன்பே விடை கண்டிருந்தனர். 1980களின் தொடக்கத்தில் குமரி மாவட்டத்து முட்டத்தில் பெல்ஜிய நாட்டுப் பொறியாளர் பியர் ஜில்லே ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கியபோதும், கட்டுமரத்தின் மூழ்காத தன்மையைப் புதிய பொருளில் காப்பதே நோக்கமாயிற்று.

6. தேர்வு செய்யும் முறை

கலம் தேர்வோர் கீழ்க்கண்ட ஐந்தையும் இதே வரிசையில் கேட்க வேண்டும்.

முதலாவது, முழுக்க நீர் நிறைந்தாலும் அது மிதக்குமா? அடைத்த காற்றறையோ நுரைப்பொருளோ உள்ளதா?

இரண்டாவது, கவிழ்ந்தால் தானே நிமிருமா? இல்லையெனில் உள்ள ஆட்களால் நிமிர்த்த முடியுமா? அமைதியான நீரில் ஒருமுறை கவிழ்த்துப் பார்த்துவிடுக.

மூன்றாவது, பாயைப் பாதியாக்க எத்தனை நிமிடம் ஆகிறது?

நான்காவது, அப்பாதிப் பாயில் காற்றை எதிர்த்து ஏறுமா?

ஐந்தாவது, நாம் புறப்படும் கரைக்கும், நாம் ஏற்றும் சுமைக்கும் அது ஏற்றதா?

இவ்வைந்துக்கும் நல்ல விடை கிடைத்த பின், ஆறாவதாக வேகத்தைக் கேட்கலாம். வரிசையை மாற்றி வேகத்தை முதலில் கேட்பவர் மற்ற ஐந்தையும் கடலின் நடுவில் கேட்க நேரிடும். அங்கே விடை சொல்ல ஆள் இருப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. எவ்வளவு நல்ல கலமாயினும், வானிலை எச்சரிக்கை வந்த நாளில் கரையில் கட்டிக் கிடப்பதே அதற்கு அழகு. காற்றை அளந்து, கரையை அறிந்து, தன் வலிமையையும் தெரிந்து புறப்படுவதே கடலோடியின் கல்வி. நூலகத்தில் அமர்ந்து விசையும் அழுத்தமும் படிக்கும் நாம், அக்கல்வியைப் பொழியூர்க் கரையில் வலை உலர்த்தும் பெரியவர்களிடமும் கேட்டுப் பயில்வோமாக. அவர்கள் கையில் உள்ளதும் அறிவியலே. அதைத் தமிழில் எழுதிக் காப்பது நம் கடமை.