மலைக்கு இந்தப் பக்கம் வெயில், அந்தப் பக்கம் பனி: ஒரு குளிர்கால ஜப்பான் பயணம்



ஜப்பான் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது புல்லட் ரயில், பூகம்பம், அப்புறம் பைக் கம்பெனிகள். ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது நானும் அதைத்தான் எழுத நினைத்தேன். ஆனால் விடுமுறையில் நாங்கள் நாலு பேர் மல்லாங்கிணறு கண்மாய்க் கரையில் உட்கார்ந்து, அட்லஸை விரித்து வைத்துக்கொண்டு, "டிசம்பர்ல ஜப்பான் போனா எந்த வழியாப் போகலாம்?" என்று விளையாட்டாகப் பேச ஆரம்பித்தோம். பேச்சு கடைசியில் நம்ம ஊர்த் தண்ணீரில் வந்து நின்றது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்களில் யாரும் ஜப்பான் போனதில்லை, பாஸ்போர்ட்டே கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்!

நமக்கு முன்னால் போனவர்கள் உண்டு. கோட்டையூரில் பிறந்த ஏ.கே.செட்டியார் 1930-களில் டோக்கியோவுக்குப் போய்ப் புகைப்படக் கலை படித்தார். கப்பலில் போய், மொழி தெரியாத ஊரில் தங்கி, ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு வந்த மனிதர். காந்தியடிகளைப் பற்றி 1940-இல் வெளிவந்த ஆவணப்படத்தை எடுத்தவர் அவர்தான். எழுத்தாளர் தி.ஜானகிராமனும் ஜப்பான் போய்வந்து ‘உதயசூரியன்’ என்ற பயண நூல் எழுதினார். டிப்ளமோ படிக்கிற நமக்கு செட்டியார் கொஞ்சம் நெருக்கமானவர் என்று தோன்றுகிறது.

சரி, டிக்கெட். கையில் காசு குறைவான மாணவர்களுக்கென்றே ஜப்பான் ரயில்வேயில் ‘செய்ஷுன் 18’ என்று ஒரு டிக்கெட் 1982 முதல் இருக்கிறது. செய்ஷுன் என்றால் இளமை. பேர்தான் அப்படி, எந்த வயதுக்காரரும் வாங்கலாம். விடுமுறைக் காலங்களில் மட்டும் விற்பார்கள். புல்லட் ரயிலில் ஏற முடியாது, சாதா வண்டிதான். முன்பெல்லாம் ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு நாள் போகலாம். 2024 குளிர்காலத்திலிருந்து விதி மாறிவிட்டது: ஆளுக்கு ஒரு டிக்கெட், தொடர்ந்து ஐந்து நாளைக்கு 12,050 யென். "நாலு பேருக்கு ஒரே டிக்கெட்னு சந்தோஷப்பட்டேன், அதையும் கெடுத்துட்டானுங்க" என்றான் மெக்கானிக்கல் நண்பன்.

டோக்கியோவிலிருந்து வடமேற்கே தகாசாகி, மினாகாமி என்று போகிறது ஜோயெட்சு ரயில் பாதை. ஜனவரியில் டோக்கியோ பக்கம் பெரும்பாலும் நல்ல வெயில். குளிர் உண்டு, ஆனால் வானம் நீலம், காற்று வறட்சி. தகாசாகி பக்கத்தில் மலையிலிருந்து இறங்கும் உலர்ந்த காற்றுக்கு ‘கராக்காஸே’ என்று தனிப் பேரே வைத்திருக்கிறார்கள். மினாகாமியைத் தாண்டினால் மிகுனி மலைத்தொடர். மலைக்குள் குகை. குகைக்கு அந்தப் பக்கம் வண்டி வெளியே வந்தால் வீடு, வயல், வேலி எல்லாம் மூடிக் கிடக்கிற வெண்பனி. (நம்ம ஊர் மார்கழிப் பனி இல்லை, பஞ்சாக விழுந்து குவிகிற பனி.) கவபட்டா யசுனாரியின் ‘பனி நாடு’ நாவல் இந்தக் குகையைத் தாண்டுகிற இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. அவருக்கு 1968-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு மலைக்கு இரண்டு பக்கமும் ஏன் இத்தனை வித்தியாசம்? குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து கடும் குளிர்காற்று தென்கிழக்கே வீசுகிறது. கிளம்பும்போது அது காய்ந்த காற்று. வழியில் ஜப்பான் கடல். அந்தக் கடலில் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான நீரோட்டம் ஒன்று ஓடுவதால் தண்ணீர் காற்றைவிடச் சூடாக இருக்கிறது. காற்று அந்த ஈரத்தை அள்ளிக்கொண்டு கரையேறுகிறது. எதிரே மலை. மேலே ஏற ஏறக் காற்று குளிர்ந்து, ஈரம் பனியாகக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி டோக்கியோ பக்கம் இறங்கும்போது அதனிடம் ஈரம் மிச்சமில்லை.

இதைப் படித்ததும் நாங்கள் நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். இது நம்ம கதைதானே! ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலின் ஈரத்தை அள்ளி வந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, நம்ம பக்கம் வெறுங்கையோடு இறங்குகிறது. விருதுநகரில் ரயில் ஏறி, ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். செங்கோட்டையில் சாரல், மலைக்குகை தாண்டி ஆரியங்காவில் இறங்கினால் கொட்டு கொட்டென்று கொட்டும். அதே ஆடி மாதம் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் கரிசல் வெடித்துக் கிடக்கும். நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் கதி. வருஷத்துக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான் கிடைக்கிறது. அவர்கள் காற்றுக்கு எதிர்ப்பட்ட பக்கம் வாழ்கிறார்கள், நாம் மறைவில் வாழ்கிறோம்.

குகை விஷயத்துக்கு வருகிறேன், சிவில் மாணவர்கள் கவனிக்க. இந்த மலைக்குள் மூன்று ரயில் குகைகள். 1931-இல் திறந்த ஷிமிஸு குகை 9.7 கிலோமீட்டர். 1967-இல் திறந்த இரண்டாவது குகை 13.5 கிலோமீட்டர். 1982-இல் ஓடத் தொடங்கிய ஜோயெட்சு புல்லட் ரயிலுக்கான மூன்றாவது 22.2 கிலோமீட்டர். சாதா வண்டியில் போகும்போது இரண்டாவது குகை வழியாகப் போய், திரும்பும்போது முதல் குகை வழியாக வர வேண்டும். போகிற வழியில் தோவாய் என்று ஒரு ஸ்டேஷன். அதன் ஒரு பிளாட்பாரம் குகைக்குள்ளேயே இருக்கிறது! இறங்கி வெளிச்சத்தைப் பார்க்க ஒரே நேராக 462 படி ஏற வேண்டும், அப்புறம் இன்னும் 24 படி. லிப்ட் கிடையாது. எங்கள் கூட்டத்தில் ஒருவன், "நான் வண்டியிலேயே இருக்கேன், நீங்க ஏறிப் பாத்துட்டு வாங்க" என்று அப்போதே சொல்லிவிட்டான். ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் வண்டி என்பது அவனுக்குத் தெரியாது.

பனியின் எடையை நாம் யோசிப்பதே இல்லை. மொட்டைமாடிக்கு நாம் டிசைனில் எடுத்துக்கொள்ளும் மேற்சுமை என்ன? ஐ.எஸ். 875-இன்படி, ஆள் ஏறக்கூடிய தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், ஏறக்குறைய 150 கிலோ. ஜப்பானில் பனி மிகுந்த பகுதிகளில் ஒவ்வொரு சென்டிமீட்டர் பனிக்கும் சதுர மீட்டருக்கு 30 நியூட்டன் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஒரு மீட்டர் பனி என்றால் 3 கிலோநியூட்டன், நம் மாடிச் சுமையைப் போல் இரண்டு பங்கு. இரண்டு மீட்டர் கிடந்தால்? அதனால்தான் கூரை மேல் ஏறிப் பனியைத் தள்ளுகிறார்கள். அப்படித் தள்ளும்போது தவறி விழுந்து வருஷா வருஷம் ஆட்கள் சாகிறார்கள், முக்கால்வாசி வயசானவர்கள். பனி போட்டோக்களில் அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அருப்புக்கோட்டை நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. பாதையில் ஷியோஸாவா என்று ஓர் ஊர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் ‘ராமி’ என்ற நாரிலிருந்து கைத்தறித் துணி நெய்கிறார்கள். உலர்ந்த காற்றில் அந்த இழை அறுந்துபோகும். பனிக்காலத்து ஈரக்காற்று இழைக்கு நல்லது, வயலிலும் வேலை இல்லை. அதனால் குளிர்காலம்தான் தறிக்காலம். பாவு அறுந்தால் வீட்டில் என்ன பாடு என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நெய்த துணியைப் பிப்ரவரி, மார்ச்சில் வெயிலடிக்கும் நாளில் பனி மேல் விரித்து வெளுக்க வைக்கிறார்கள். இந்தக் கைத்தறியை 2009-இல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நாங்கள் போனால் ஒரு நாள் இங்கேதான்.

இனி, கட்டுரையின் முக்கியமான இடம். பாதையின் முடிவில் நாகவோகா நகரம். 1961-இல் இங்கே தெருவின் நடுவில் குழாய் பதித்து, அதில் வரிசையாகத் துளை வைத்து, நிலத்தடி நீரை மோட்டார் வைத்துப் பீய்ச்சிப் பனியைக் கரைக்கும் முறையைக் கொண்டு வந்தார்கள். யோசனை சொன்னவர் அரிசித் தின்பண்டக் கம்பெனி நடத்திய ஒருவர். நிலத்தடி நீர் கசிந்த இடத்தில் மட்டும் பனி தங்கவில்லை என்பதைக் கவனித்திருக்கிறார், அவ்வளவுதான். 1963 ஜனவரியில் நகரமே மூன்று மீட்டர் பனியில் புதைந்தபோது, குழாய் போட்ட தெரு மட்டும் திறந்து கிடந்தது. அப்புறம் ஊரெங்கும் குழாய்.

"ஏன்டா மாப்ள, பச்சத் தண்ணி ஊத்தினா பனி கரையுமா?" என்று கேட்டான் நண்பன். கரையும். நிலத்தடி நீரின் சூடு அந்த ஊரின் வருடச் சராசரி வெப்பத்தை ஒட்டியே இருக்கும். நாகவோகாவில் 13 டிகிரி. அந்தத் தண்ணீர் 1 கிலோ 0 டிகிரிக்கு இறங்கும்போது 13 கிலோ கலோரி வெளிவிடும். 1 கிலோ பனி கரைய 80 கிலோ கலோரி வேண்டும். 80-ஐ 13-ஆல் வகுத்தால் 6.15. அதாவது 1 கிலோ பனியைக் கரைக்க 6 கிலோவுக்கு மேல் தண்ணீர்!

100 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலத் தெரு. 10 சென்டிமீட்டர் புதுப்பனி. 60 கன மீட்டர் ஆகிறது. புதுப்பனி கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்தால் 6,000 கிலோ. கரைக்க ஏறக்குறைய 37,000 லிட்டர் வேண்டும். முழுசாகக் கரைய வேண்டியதில்லை, சகதியானாலே ஓடிவிடும் என்று கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும், 12,000 லிட்டர் தண்ணீர் லாரி மூன்று நடை. ஒரு தெருத் துண்டுக்கு, ஒரு பனிப் பொழிவுக்கு! கோடையில் ஒரு லாரிக்கு எத்தனை குடம் வரிசையில் நிற்கிறது என்று பார்த்தவன் நான். கணக்கைப் போட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பனியும் மழையும் கொட்டுகிற ஊரில் தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்றுதான் நாங்களும் நினைத்தோம். அப்படி இல்லை. வழியில் மினாமி உவோனுமா என்ற பள்ளத்தாக்கு ஊரில், குளிர்காலம் முழுக்க எல்லோரும் ஒரே நேரத்தில் உறிஞ்சியதில் நிலத்தடி நீர் இறங்கி, களிமண் அடுக்குகள் அமுங்கி, தரையே தாழ்ந்துபோனது. பனி கொட்டுகிற ஊரில் கிணறு தோண்டக் கட்டுப்பாடு! இப்போது பனி விழுவதை அறியும் கருவி வைத்து, விழும்போது மட்டும், விட்டுவிட்டுப் பீய்ச்சும் முறை வந்திருக்கிறது. தண்ணீரிலுள்ள இரும்பால் நாகவோகா ரோடெல்லாம் துருச் சிவப்பாகக் கிடக்கும்.

புல்லட் ரயில்காரர்கள் இதே வேலையை வேறு மாதிரி செய்கிறார்கள். ஜோயெட்சு பாதையில் சல்லி கிடையாது, கான்கிரீட் பாலத்தின் மேல் கான்கிரீட் பலகையில் தண்டவாளம். அதனால் எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் பாதை கரையாது. தெளித்த தண்ணீரை வடித்துச் சேர்த்து, திரும்பச் சூடாக்கி, மறுபடியும் தெளிக்கிறார்கள். அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. 1964-இல் போட்ட டோக்கியோ–ஒசாகா பாதையில் மண் கரையும் சல்லியும் இருப்பதால் இது முடியாது. அங்கே செகிகஹாரா பக்கம் பனி விழுந்தால் லேசாகத் தெளித்துவிட்டு வண்டியை மெதுவாக ஓட்ட வேண்டியதுதான். (அந்தப் பக்கத்து இபுகி மலையில்தான் 1927-இல் 11.82 மீட்டர் பனி அளந்தார்கள், உலகச் சாதனை.)

எங்கள் தெருவில் மட்டும் தண்ணீர் வராமல் கல் வைத்து மூடிய போர்க்குழி மூன்று இருக்கிறது. ஒருவர் இருநூறு அடி போட்டால் அடுத்தவர் முந்நூறு. ஊர்ப் பேரிலேயே கிணறு இருக்கிறது. ஆழ்துளையில் ஏறுகிற தண்ணீர் யாருடையது என்று அட்லஸைச் சுற்றி ஒரு சண்டையே நடந்தது. முடிவுக்கு வரவில்லை, அதற்குள் இருட்டிவிட்டது.

திரும்பும் வண்டி பழைய 1931 குகை வழியாக வரும். நாகவோகாவில் ஏறினால் மினாகாமிக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஜன்னலில் ஒட்டிய பனி, குகை தாண்டி டோக்கியோ பக்கத்து வெயிலில் சொட்டுச் சொட்டாக வடிந்து, அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் காய்ந்துவிடுமாம்.