முழுமையுறாத காலக்குறிப்புகளும் விரிதாள் பதிவும்: பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு நூல்களை முன்வைத்து

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சேறிய தமிழ் நூல்களின் முகப்புப் பக்கங்கள் காலத்தை ஒரே சீராகத் தருவதில்லை. சிலவற்றில் ஆங்கில ஆண்டு மட்டும் உண்டு. சிலவற்றில் அறுபதாண்டுச் சுழற்சிப் பெயரும் தமிழ் மாதமும் உண்டு. சிலவற்றில் ஆண்டுப்பெயர் மட்டுமே எஞ்சுகிறது. இவற்றை விரிதாளில் தொகுப்போர் ‘நாள்’ என்னும் ஒற்றைக் கட்டத்தை நிரப்ப முற்படும்போது, மூலம் சொல்லாததையும் சொல்லிவிட நேர்கிறது. இதனைத் தவிர்க்கும் பதிவுமுறை ஒன்றை இக்கட்டுரை முன்வைக்கிறது.

விரிதாளின் இயல்பு

எக்செல் தன் இயல்பான அமைப்பில் நாள்களை 1900 சனவரி 1 முதலான வரிசை எண்களாகச் சேமிக்கிறது. அதற்கு முற்பட்டவை வெறும் எழுத்துத்தொடர்களாகவே நிற்கும். நாள் வடிவம் பெற்ற கட்டத்தில் 1887 என்று மட்டும் இட்டால், அது 1887ஆம் வரிசை எண்ணாகக் கொள்ளப்பட்டு 1905 மார்ச் 1 எனத் தோன்றும். இதற்கு அஞ்சி, ஆண்டு மட்டும் அறியப்பட்ட நூல்களுக்கெல்லாம் சனவரி 1 என்று இடுவது மேலும் தீங்கானது. மாதவாரியாக எண்ணும்போது சனவரியில் பொய்யான பெருக்கம் தோன்றும்.

தமிழ் ஆண்டுப்பெயர்

‘தாது’ என்னும் பெயர் 1816, 1876, 1936 ஆகிய ஆண்டுகளில் தொடங்கிய மூன்று ஆண்டுகளுக்கும் பொருந்தும். அச்சகப் பெயர், பதிப்பாசிரியரின் வாழ்நாள் போன்ற சான்றுகளால் 1876 எனத் துணிந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. அவ்வாண்டு 1877 ஏப்ரல் வரை நீள்கிறது. எனவே ‘தாது, ஆடி’ 1876 சூலை–ஆகஸ்டிலும், ‘தாது, தை’ 1877 சனவரி–பிப்ரவரியிலும் அமையும்.

பதிவுமுறை

ஒவ்வொரு நூலுக்கும் நான்கு நிரல்கள் தேவை: மூலத்தில் உள்ளவாறே காலக்குறிப்பு, இயலக்கூடிய முன்னெல்லை, இயலக்கூடிய பின்னெல்லை, துணிபின் அடிப்படை. எல்லைகளை 1876-07 என ஆண்டு, மாதம் என்னும் வரிசையில் எழுதினால் அகரவரிசையே காலவரிசையாகும். அந்நிரல்களை முன்கூட்டியே உரை வடிவில் அமைப்பது இன்றியமையாதது. இல்லையேல் 1936-04 போன்றவற்றை விரிதாள் தானே நாளாக மாற்றிவிடும்.

ஒப்பீடு

ஒரு நூலின் பின்னெல்லை மற்றதன் முன்னெல்லைக்கு முற்பட்டிருந்தால் மட்டுமே அது முந்தியது எனலாம். ‘1876’ என்று மட்டும் உள்ள நூல் ‘தாது, தை’ நூலுக்கு உறுதியாக முந்தியது. ஆனால் ‘தாது, ஆடி’ நூலோடு ஒப்பிடுகையில் முன்பின் துணிய இயலாது. முன்னதற்குச் சனவரி 1 என இட்டிருப்பின், சான்றின்றியே அதற்கு முதன்மை கிடைத்திருக்கும்.

முடிவுரை

முதற்பதிப்பு எது, எவர் பதிப்பு முந்தியது என்னும் வினாக்கள் பதிப்பு வரலாற்றின் அடித்தளமாகும். அவற்றுக்கான விடை மூலச் சான்றிலிருந்து பிறக்க வேண்டுமேயன்றி, நிரப்பப்பட்ட கட்டத்திலிருந்து பிறத்தலாகாது. அறியப்படாத நாளை அறியப்படாததாகவே காத்தல் தொகுப்பின் குறையன்று. அதன் நம்பகத்தன்மைக்கு அரணாகும்.