போன பெட்ரோல் ஏன் திரும்புகிறது?

கேள்வி: எங்கள் பழைய பிரீமியர் பத்மினி கோடையில் நடுவழியில் நின்றுவிடுகிறது. எலக்ட்ரிக் பம்ப் போட்டு, டேங்க்குக்கே திரும்பிப் போக இன்னொரு குழாயும் இழுக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். போன பெட்ரோல் எதற்குத் திரும்ப வேண்டும்? இந்த ஏற்பாடு எப்படி வந்தது?
- வாசகர், திருச்சி

பதில்: ஆரம்பத்தில் பல கார்களுக்குப் பம்ப்பே கிடையாது. 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி-யில் டேங்க் சீட்டுக்கு அடியில் இருந்தது. பெட்ரோல் தானாக இறங்கி வரும். டேங்க் காலியாகும் நேரத்தில் செங்குத்தான மேடு வந்தால் இறங்காது. அப்போது வண்டியைத் திருப்பி ரிவர்ஸிலேயே மேடேறினார்கள்.

டேங்க் பின்பக்கம் போனதும் உறிஞ்சிக் கொண்டுவர வழி வேண்டியிருந்தது. கேம்ஷாஃப்ட் தள்ளத் தள்ள டயாஃப்ரம் ஏறி இறங்கும் மெக்கானிக்கல் பம்ப் 1920-களின் கடைசியில் பரவியது. உங்கள் பத்மினியில் இருப்பதும் அந்த வகைதான். எலக்ட்ரிக் பம்ப்பும் நேற்று வந்ததல்ல. பிரிட்டனின் எஸ்.யூ. நிறுவனம் ஏறக்குறைய அதே காலத்தில் அதை விற்கத் தொடங்கிவிட்டது. மோரிஸ் மைனரில் சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று கேட்பது அதன் சத்தம்தான்.

உங்கள் வண்டியின் வியாதி வேப்பர் லாக். மெக்கானிக்கல் பம்ப் சுடச்சுட இருக்கும் இன்ஜின் மேலேயே உட்கார்ந்து பெட்ரோலை இழுக்கிறது. இழுக்கும்போது குழாயில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் சீக்கிரமே ஆவியாகும். ஆவியை அந்தப் பம்ப்பால் தள்ள முடியாது. பம்ப் மேல் ஈரத்துணி சுற்றும் பழைய வைத்தியம் இதற்குத்தான். டேங்க் பக்கத்தில் எலக்ட்ரிக் பம்ப்பை வைத்தால் இழுப்பது போய்த் தள்ளுவதாகிவிடும்.

அதோடு தொல்லை தீராது. கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் மிதவை எழும்பி வாயை மூடிவிடும். டிராஃபிக்கில் இன்ஜின் குடிப்பதும் கொஞ்சம். குழாயில் தேங்கிய பெட்ரோல் பானெட்டுக்குள் கொதிக்கும். கார்புரேட்டருக்குச் சற்று முன் ஒரு கிளைக்குழாய் போட்டால் பெட்ரோல் ஓடிக்கொண்டே இருக்கும். சூட்டையும் குமிழியையும் டேங்க்குக்கு வாரிக்கொண்டு போகும். 1960-களில் ஏசி வைத்த அமெரிக்கக் கார்களில் பானெட்டுக்குள் சூடு ஏறியபோது கம்பெனிகளே இந்தக் குழாயைப் பொருத்தின. கார்புரேட்டர் கால மாருதி 800-லும் இது உண்டு.

திரும்பும் குழாயில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குச் சிறு துளைதான் வேண்டும். அகலமாக விட்டால் எல்லாம் டேங்க்குக்கே போய்விடும், கார்புரேட்டர் காயும். பம்ப் சதுர அங்குலத்துக்கு 3, 4 பவுண்டு அழுத்தம் தந்தால் போதும். பழைய இன்ஜெக்‌ஷன் காரிலிருந்து கழற்றிய பம்ப் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். அது 40 பவுண்டுக்குத் தள்ளும். மிதவை ஊசி தாங்காமல் பெட்ரோல் சூடான இன்ஜின் மேல் வழியும்.

இன்னொன்று, எலக்ட்ரிக் பம்ப்புக்கு இன்ஜின் நின்றது தெரியாது. விபத்தில் குழாய் அறுந்தாலும் இறைத்துக்கொண்டே இருக்கும். ஆயில் பிரஷர் இல்லாவிட்டால் கரண்ட்டை வெட்டும் ஸ்விட்ச் வழியாக ஒயரிங் செய்யச் சொல்லுங்கள். பழைய பம்ப்பைக் கழற்றிய ஓட்டைக்குத் தகடும் கேஸ்கெட்டும் போட்டாரா என்றும் பாருங்கள். இல்லையென்றால் ஆயில் அங்கிருந்து ஒழுகும்.