முந்திப் பதிந்தவரா, முந்தி விற்றவரா?

கேள்வி: திண்டுக்கல்லில் 2009 முதல் மசாலாப் பொடி அரைத்து விற்கிறேன். பிராண்ட் பெயரைப் பதிவு செய்யவில்லை. போன வாரம் கோவை நிறுவனம் ஒன்று, அங்குள்ள நீதிமன்றத்தில் என் பெயருக்கு இடைக்காலத் தடை வாங்கித் தபாலில் அனுப்பியிருக்கிறது. இரண்டு பெயரும் காதுக்கு ஒன்றுபோல இருக்கும். இரண்டிலும் ‘மணம்’ உண்டு. 2013 முதல் விற்பதாகச் சொல்லி, 2016இல் மனுப் போட்டுப் பதிவு வாங்கியிருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் வக்கீல் நோட்டீஸ் விட்டார்கள். ‘நான்தான் முந்தி’ என்று பதில் கொடுத்தேன்; பிறகு சத்தமே இல்லை. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எப்படித் தடை கொடுக்கலாம்? குடோனில் 4 டன் சரக்கு கிடக்கிறது. கேஸ் தோற்றுப்போனதா?

— வாசகர், திண்டுக்கல்

பதில்: தோற்கவில்லை. வழக்கு இன்னும் விசாரணைக்கே வரவில்லை. ஆனாலும் இன்றே விற்பனையை நிறுத்துங்கள். ‘பழைய சரக்குதானே’ என்று ஒரு பெட்டி வெளியே போனாலும் உத்தரவை மீறியதாகும். உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 39, விதி 2-ஏ-யின்படி சொத்து ஜப்தி, 3 மாதம் வரை சிவில் சிறை இரண்டுக்கும் வழி இருக்கிறது. ஸ்டாக்கிஸ்டுகளுக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். குடோன் சரக்கை எண்ணி, பேட்ச் எண்ணோடு பட்டியல் போட்டு வையுங்கள்.

உங்களைக் கேட்காமல் தடை கொடுக்கலாமா? கொடுக்கலாம். நோட்டீஸ் போய்ச் சேருவதற்குள் காரியம் கெட்டுவிடும் என்று நீதிபதி கருதினால், காரணத்தை எழுதிவிட்டு ஒருதலையாக உத்தரவிட விதி 3 இடம் தருகிறது. அப்படிக் கொடுத்தால், மனுவை 30 நாளுக்குள் முடிக்க நீதிமன்றம் முயல வேண்டும் என்கிறது விதி 3-ஏ. பிராது, மனு, ஆவணங்களின் நகல்களை வாதி உடனே உங்களுக்கு அனுப்பியாக வேண்டும். உத்தரவு மட்டும் வந்திருந்தால், மற்றதைக் கேட்டு வாங்குங்கள்.

வந்ததும், அபிடவிட்டில் ஒன்றைத் தேடுங்கள்: இரண்டு வருடத்துக்கு முந்தைய நோட்டீஸும் உங்கள் பதிலும் அதில் இருக்கின்றனவா? தெரிந்தே முக்கிய விவரத்தில் பொய்யோ திசைதிருப்பும் கூற்றோ சொல்லி ஒருதலைத் தடை வாங்கியிருந்தால், அதை நீக்க வேண்டும் என்பது விதி 4. நீக்காமல் விடுவதானால் நீதிபதி காரணம் எழுத வேண்டும். ‘இப்போதுதான் மார்க்கெட்டில் பார்த்தோம்’ என்று எழுதியிருந்தால், உங்கள் பதிலின் தபால் ஒப்புகை அட்டையே போதுமான ஆயுதம். தாமதத்தை மட்டும் நம்பாதீர்கள். பதிவுபெற்ற குறியை ஒருவர் மீறும்போது, வாதி தாமதித்தார் என்பதற்காக மட்டும் தடையை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் ‘லட்சுமண் ரேகா’ வழக்கில் 2004இல் சொல்லியிருக்கிறது.

அவர்களிடம் பதிவு இருக்கிறதே என்று கலங்க வேண்டாம். வணிகக் குறிகள் சட்டம், 1999இன் 34ஆம் பிரிவு முந்திய பயன்பாட்டைக் காக்கிறது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கில் எதிர்த்தரப்பும் பதிவு வைத்திருந்தது. அந்தப் பெயரில் முந்தியே வியாபாரம் செய்தவரின் உரிமைதான் பதிவைவிட மேலானது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

ஆனால் கணக்கு ஒன்று உண்டு. பதிவு 2016இலிருந்து என்பதால், அதற்கு முன்னால் விற்றதைக் காட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். அவர்களின் பயன்பாடு, பதிவு இரண்டில் எது முந்தியதோ, அதற்கும் முன்பிருந்து நீங்கள் தொடர்ந்து விற்றிருக்க வேண்டும். 2013 என்று அவர்கள் நிரூபித்தால், உங்கள் ஆதாரம் அதற்கும் முந்தியதாக இருக்க வேண்டும்.

பரணில் ஏறுங்கள். பழைய பில் புத்தகங்கள், கவர் அச்சிட்ட பிரஸ்ஸின் ரசீது, கடைகளுக்குக் கொடுத்த தினசரி காலண்டர், உணவுப் பாதுகாப்பு உரிமம் எல்லாவற்றையும் எடுங்கள். பில்லில் பிராண்ட் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ‘மசாலா 50 கிலோ’ என்று மட்டும் இருந்தால் விற்றதற்குத்தான் சாட்சி, பெயருக்கு அல்ல. 2017 ஜூலைக்கு முந்தைய பில்லில் பழைய டின் நம்பர் இருக்கும். நேற்று அடித்த பில் அல்ல என்பதற்கு அதுவும் துணை. இடையில் ஒரு வருடம் விடுபட்டால் ‘தொடர்ந்து’ என்ற சொல் ஆட்டம் காணும்.

‘மணம்’ யாருக்கும் சொந்தமில்லை என்றும் வாதாடலாம். யிப்பீயின் ‘மேஜிக் மசாலா’வுக்கும் மேகியின் ‘மேஜிகல் மசாலா’வுக்கும் நடந்த வழக்கில், ‘மேஜிக்’ பொதுவான புகழ்ச்சிச் சொல் என்று சொல்லி 2020இல் சென்னை உயர் நீதிமன்றம் உரிமை கோரிய நிறுவனத்தின் வழக்கைத் தள்ளியது. ஆனால் இது இருபுறமும் கூர். சொல் எல்லோருக்கும் பொது என்றால், ‘நான்தான் முந்தி’ என்பதன் பலம் குறையும். உங்கள் ஆவணங்கள் கெட்டியாக இருந்தால் முந்திய பயன்பாட்டையே முன்னால் வையுங்கள்.

நீதிபதி பார்ப்பது மூன்று: மேலோட்டமாகப் பார்த்தால் யார் பக்கம் நியாயம் தெரிகிறது, தடையால் யாருக்குச் சிரமம் அதிகம், பணத்தால் ஈடுகட்ட முடியாத நஷ்டம் யாருக்கு. மூன்றுக்கும் உங்கள் எதிருரையில் பதில் இருக்கட்டும். பொடி நாள்பட்டால் மணம் போகும். எனவே கையிருப்பை மட்டும் கணக்கு ஒப்புவித்து விற்க அனுமதி வேண்டும் என்று மாற்றுக் கோரிக்கையும் சேருங்கள்.

தடை நிலைத்தால் 60 நாளில் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் கீழ் நீதிமன்றம் தன் விருப்புரிமையை முறையாகப் பயன்படுத்தியிருந்தால், வேறு முடிவும் சாத்தியம் என்பதற்காக மேல் நீதிமன்றம் அதை மாற்றாது. 1990இல் வாண்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த கோடு இது. பரணில் இருப்பதை மேல்முறையீட்டுக்கு என்று ஒதுக்கி வைக்காமல், கோவை நீதிமன்றத்திலேயே போட்டுவிடுங்கள்.

இது வணிக வழக்கு என்பதால் இன்னொரு கெடு: சம்மன் கிடைத்த 30 நாளில் எழுத்துமூல பதிலுரை தர வேண்டும். நீதிமன்றம் நீட்டித்தாலும் 120 நாளுக்கு மேல் போக முடியாது. தடை மனுவுக்கான எதிருரை இதற்கு ஈடாகாது.

மற்ற வாசகர்களுக்கு ஒன்று. உங்களுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தால், பதிலோடு நின்றுவிடாமல் அவர்கள் வழக்குப் போடக்கூடிய நீதிமன்றத்தில் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 148-ஏ பிரிவின்கீழ் கேவியட் போடுங்கள். உங்களுக்குத் தெரிவிக்காமல் தடை வராது. ஆயுள் 90 நாள்தான், முடிந்தால் புதுப்பியுங்கள். நம் திண்டுக்கல் நண்பர் அன்று அதைப் போட்டுப் புதுப்பித்துக்கொண்டே வந்திருந்தால், இன்று அவரைக் கேட்காமல் தடை வந்திருக்காது.