தொழில் பழகுவோம்: மொறிஸ் மைனருக்கு கியர்பொக்ஸ் பூட்டுவது எப்படி?

கராஜில் வேலை பழகும் நம் தோட்டத்துத் தம்பிமாருக்கு இந்தப் பாடம். வீட்டில் யாராவது பழகினால் வாசித்துக் காட்டுங்கள்.

மொறிஸ் மைனர் 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட கார். இலங்கை வீதிகளில் நன்றாகவே உழைத்த வண்டி. 1956இல் 948 சிசி எஞ்சின் வந்தது. 1962இல் 1098 சிசி. முதலாவதின் கிளச் பிளேட் ஆறேகால் அங்குலம், மற்றதில் ஏழேகால். பெரிய கிளச்சுக்கு 948இன் கியர்பொக்ஸ் கூடு இடம் கொடுக்காது. எஞ்சின் மாற்றிய வண்டிகளும் உண்டு. ஆகவே சாமான் வாங்கும் முன் அளந்து பாருங்கள்.

வண்டிக்குக் கீழே போவதென்றால் ஸ்டாண்ட் வைத்து, சில்லுக்குக் கட்டை போட்ட பிறகுதான். ஜாக்கை மட்டும் நம்பி உள்ளே படுத்திடாதீங்க. பாஸ் அவசரப்படுத்தினாலும் சரி, இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. பெட்டரி வயரையும் கழற்றி விடுங்கள்.

பிளைவீலில் எண்ணெய்ப் பசை இருந்தால் துடைத்தெடுங்கள். கிராங் தண்டின் நுனியில் ஒரு சிறிய வெண்கல புஷ் இருக்கும். கியர்பொக்ஸின் முன்தண்டு நுனி அதற்குள்தான் உட்கார வேண்டும். புஷ் தேய்ந்திருந்தால் இப்போதே மாற்றுங்கள். பிறகென்றால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும்.

கிளச் பிளேட்டை நடுமத்தியில் நிறுத்துவதுதான் இந்த வேலையின் உயிர். பழைய கியர்பொக்ஸின் முன்தண்டு கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் அளவாகக் கடைந்த மரக்கட்டை போதும். அதைப் பிளேட் வழியாகப் புஷ்ஷுக்குள் விட்டுப் பிடித்துக்கொண்டு, கவர் போல்ட்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கண் மதிப்பில் வைத்தால் சரிவராது. ரிலீஸ் பெயாரிங் கரியினால் ஆனது. அதற்கு எண்ணெயோ கிரீஸோ பூச வேண்டாம். மெலிந்திருந்தால் புதிது போடுங்கள்.

இனி இரண்டு பேர் வேண்டும். கியர்பொக்ஸை ஜாக்கில் ஏற்றி, எஞ்சினுக்கு நேர்கோட்டில் கொண்டு வாருங்கள். தண்டின் பற்கள் பிளேட்டில் விழவில்லையா? மற்றவர் கைப்பிடியால் எஞ்சினைச் சற்றே திருப்பட்டும், தானாக உள்ளே போகும். ஒரு விரல் இடைவெளியில் நின்றுவிட்டால் பலர் போல்ட் போட்டு இழுக்கப் பார்ப்பார்கள். அப்படிச் செய்தால் அலுமினியக் கூட்டின் காது உடையும். வெளியே எடுத்து, பிளேட் நடுவில் நிற்கிறதா என்று மறுபடி பாருங்கள். போல்ட் எல்லாம் ஏறும்வரை கியர்பொக்ஸின் பாரம் அந்தத் தண்டில் தொங்கவே கூடாது. பிளேட்டின் நடுப்பாகம் வளைந்து, பிறகு கிளச் விடாது. விரலையும் அந்த இடுக்கில் வைக்காதீங்க.

எண்ணெய் விஷயத்தில் பலர் தவறுகிறார்கள். இந்தக் கியர்பொக்ஸுக்கு எஞ்சின் ஒயில்தான், சுமார் 1.3 லீற்றர். தொண்ணூறாம் நம்பர் கியர் ஒயில் பின் அக்ஸிலுக்கு உரியது. கடைசியாக, கிளச் மிதியில் சிறிது தளர்வு இருக்கும்படி கம்பியைச் சரிசெய்யுங்கள். தளர்வு இல்லாவிட்டால் கரி பெயாரிங் எந்நேரமும் உரசி, சீக்கிரமே தேய்ந்துவிடும்.